எஸ்.இ.சி.யா, பிக் டென்னா? கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.இ.சி., பிக் டென் என்பவை எவை?

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதன் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து, பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களைத் தமக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. பிக் டென் 1896இல் மத்திய மேற்கு மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் அமைத்தது. பெயரில் பத்து இருந்தாலும் 2024 முதல் அதில் 18 அணிகள் உள்ளன. ஓஹையோ ஸ்டேட், மிஷிகன், பென் ஸ்டேட் ஆகியவை அதன் பெரிய பெயர்கள். எஸ்.இ.சி. 1932இல் தென்மாநிலங்களில் உருவானது. அலபாமா, ஜார்ஜியா, எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) முதலிய 16 அணிகள் கொண்டது. பணத்திலும் பார்வையாளர் எண்ணிக்கையிலும் இவ்விரண்டும் மற்றக் கூட்டமைப்புகளை விட்டு வெகுதூரம் விலகிவிட்டதால், எந்தப் பக்கத்துப் பயிற்சியாளர்கள் மேல் என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

தேசியப் பட்டங்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடாதா?

எண்ணலாம். 2006 முதல் 2025 வரையிலான 20 பருவங்களில் எஸ்.இ.சி. 13 பட்டங்களையும் பிக் டென் 4 பட்டங்களையும் வென்றுள்ளன. மீதி மூன்றும் ஏ.சி.சி. என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போயின. 2006இலிருந்து 2012 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பட்டம் தெற்கிலேயே தங்கியது. இந்தக் கணக்கைக் காட்டித்தான் தெற்கத்திப் பயிற்சியாளர்கள் வடக்கத்தியரைவிட மேலானவர்கள் என்ற பேச்சு ஊன்றியது.

ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஆறு, அலபாமாவின் நிக் சேபன் என்ற ஒரே மனிதருடையவை. இன்னும் இரண்டு, அவரிடம் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜார்ஜியாவின் கர்பி ஸ்மார்ட் வென்றவை. ஒரு தனிமனிதரின் சாதனையை அவருடைய கூட்டமைப்பில் சம்பளம் வாங்கும் அத்தனை பேருடைய திறமையாகவும் எழுதிக்கொள்வது நியாயமான கணக்கு ஆகாது.

பட்டம் வென்றவர் எப்போதும் சிறந்த பயிற்சியாளர்தானா என்பதும் தனிக் கேள்வி. ஆபர்னின் ஜீன் சிசிக், கேம் நியூட்டன் என்ற அபூர்வமான குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் வீரரை) வைத்துக்கொண்டு 2010இல் தோல்வியே காணாமல் பட்டம் வென்றார். இரண்டே ஆண்டுகளில், 2012இல், 3 வெற்றி 9 தோல்வி என்று சரிந்து, கூட்டமைப்பு ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லாமல் பதவி இழந்தார். எல்.எஸ்.யூ.வின் எட் ஓர்ஜரான் 2019இல் 15 ஆட்டங்களையும் வென்றார். 2021 பருவத்தோடு அவரும் வெளியேற நேர்ந்தது.

தொடர்ந்து ஏழு பட்டங்கள் வென்ற காலத்திலாவது தெற்கத்திப் பயிற்சி மேலாக இருந்தது என்று சொல்லலாமா?

அந்த ஏழு பட்டங்களை வென்றவர்கள் எங்கே தொழில் கற்றார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஃபுளோரிடாவுக்கு 2006லும் 2008லும் பட்டம் வாங்கித் தந்த அர்பன் மையர் ஓஹையோவைச் சேர்ந்தவர். ஓஹையோ ஸ்டேட்டில் எடுபிடி நிலையிலிருந்து தொடங்கியவர். 2007இல் எல்.எஸ்.யூ.வுக்குப் பட்டம் வென்ற லெஸ் மைல்ஸ் மிஷிகனில் ஆடி, மிஷிகனிலேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். 2009, 2011, 2012 ஆகிய பட்டங்களை வென்ற சேபன், ஓஹையோவிலுள்ள கென்ட் ஸ்டேட்டில் படித்து, ஓஹையோ ஸ்டேட்டிலும் மிஷிகன் ஸ்டேட்டிலும் துணைப் பயிற்சியாளராக வேலை பார்த்தவர். ஏழில் ஆறு பட்டங்கள், பிக் டென் மண்ணில் தேறி வந்தவர்களுடையவை. மிச்சம் சிசிக்குடைய ஒன்றுதான்.

என் கருத்து இதுதான்: அக்காலத்தில் தெற்கு பெற்றிருந்தது வேறு வகைப்பட்ட பயிற்சிக் கலை அல்ல, வடக்கில் கலை கற்றவர்களை இழுக்கும் பணமும், அவர்கள் கையில் கொடுப்பதற்கு ஏற்ற இளைஞர்களும் அங்கே இருந்தார்கள். ஃபுளோரிடா, ஜார்ஜியா, டெக்சஸ், லூசியானா ஆகிய மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வெளிவரும் வேகமான ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு மிஷிகனோ விஸ்கான்சினோ ஈடுகொடுக்க முடியாது.

அப்படியானால் வீரர்களின் இயல்பான திறனையும் பயிற்சியாளரின் பங்கையும் எப்படிப் பிரிப்பது?

முழுமையாகப் பிரிக்க வழியில்லை, ஓரளவு பிரிக்கலாம். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் ஒவ்வொரு வீரருக்கும் தர நிறுவனங்கள் இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்குகின்றன. நான்கு, ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் ஓர் அணியில் பாதிக்கு மேல் இருந்தால்தான் பட்டம் வெல்ல முடியும் என்பது நெடுங்காலம் பொய்க்காத கணக்காக இருந்தது. எனவே ஒரு பயிற்சியாளரின் வெற்றிகளை அவர் சேர்த்த வீரர்களின் தரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நுழைவுத் தேர்வில் முதல் வரிசையில் வந்த மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி காட்டினால், பாராட்டு ஆசிரியருக்கா சேர்க்கைக்கா என்று கேட்கிறோம் அல்லவா, அதே கேள்விதான் இது.

ஒரு திருத்தம் மட்டும் தேவை. கல்லூரி ஆட்டத்தில் வீரர் சேர்க்கையே பயிற்சியாளரின் வேலையில் பாதி. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குச் சென்று, அவன் தாயாரோடு அமர்ந்து பேசி, போட்டிக் கல்லூரிகளை விட்டுத் தன்னிடம் வரவைப்பதும் திறமையே. ஆனால் அலபாமாவின் பெயரைச் சொல்லி அழைப்பதும் இண்டியானாவின் பெயரைச் சொல்லி அழைப்பதும் ஒன்றல்ல.

கூட்டமைப்புக்குள் நடக்கும் ஆட்டங்களின் முடிவுகள் எதையாவது காட்டுமா?

கூட்டமைப்புகளை ஒப்பிடுவதற்கு எதையும் காட்டாது. உள்ளுக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெல்ல ஒருவர் தோற்கிறார். எந்தக் கூட்டமைப்பின் உள்கணக்கும் சரிபாதியாகத்தான் முடியும். எஸ்.இ.சி.யில் ஒரு பெரிய அணி தோற்றால் கூட்டமைப்பு எவ்வளவு கடினம் பாருங்கள் என்றும், பிக் டென்னில் பெரிய அணி தோற்றால் அது போலிப் பெரிய அணி என்றும் பேசும் வழக்கம் உண்டு. தொலைக்காட்சி விவாதங்களில் இது இன்றும் ஓய்ந்தபாடில்லை.

ஒரே பயிற்சியாளர் இரண்டு கூட்டமைப்புகளிலும் வேலை பார்த்திருந்தால்?

அதுவே நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. மனிதர் அவரே, கல்லூரியும் ஊரும் மட்டும் மாறுகின்றன.

முதலில் சேபன். 1995 முதல் 1999 வரை அவர் பிக் டென்னைச் சேர்ந்த மிஷிகன் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர். அங்கே அவர் கணக்கு 34 வெற்றி, 24 தோல்வி, ஒரு சமநிலை. முன்பிருந்தவர்கள் காலத்து விதிமீறலுக்கான தண்டனையும் அவர் தலையில் விழுந்தது. 1998 நவம்பரில் நாட்டின் முதல் அணியாக இருந்த ஓஹையோ ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்திலேயே, 15 புள்ளிகள் பின்தங்கியிருந்து, 28-24 என்று வீழ்த்தினார். அதே பருவத்தை 6 வெற்றி 6 தோல்வியோடு முடித்தார். ஒருநாள் ஆட்டத்துக்கு அணியைத் தயார்செய்யும் திறமை அப்போதே அவரிடம் இருந்தது, பருவம் முழுவதும் தாங்கும் அளவுக்கு ஆட்கள்தான் இல்லை. 2000இல் எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டில் 3 வெற்றி மட்டுமே பெற்றிருந்த அணி அது. ஆனால் லூசியானா போன்ற கால்பந்து வளம் மிக்க மாநிலத்தில் அதற்குப் போட்டியாக இன்னொரு பெரிய கல்லூரி இல்லை. நான்காவது பருவமான 2003இல் தேசியப் பட்டத்தில் பங்கு கிடைத்தது. அலபாமா வெற்றிகள் அதற்குப் பிறகு வந்தவை. ஐந்து ஆண்டுகளில் அவரும் கற்றுத் தேர்ந்திருப்பார் என்பது உண்மைதான் என்றாலும், மிஷிகன் ஸ்டேட்டின் ஊரான கிழக்கு லான்சிங்கிலிருந்து எல்.எஸ்.யூ.வின் ஊரான பேட்டன் ரூஜ் சென்ற விமானப் பயணத்தில் ஒருவர் மேதையாக மாறிவிடுவதில்லை.

அடுத்து மையர். ஃபுளோரிடாவில் 65 வெற்றி 15 தோல்வி, இரண்டு பட்டங்கள். 2012இல் ஓஹையோ ஸ்டேட்டுக்கு வந்து ஏழு பருவங்களில் 83 வெற்றி 9 தோல்வி, ஒரு பட்டம். இரு இடங்களிலும் அவருக்குக் கிடைத்தவை முதல்தரமான வளங்கள். இரு இடங்களிலும் விளைவும் ஒன்றே. 2014 பருவத்தின் தேசியப் பட்ட அரையிறுதியில், அணியின் வரிசையில் மூன்றாவது குவார்ட்டர்பேக்கான கார்டேல் ஜோன்ஸை வைத்து சேபனின் அலபாமாவை 42-35 என்று வென்றபோது, வடக்கத்தியர் தெற்கத்தியரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டார்கள் என்ற பேச்சு கொஞ்சம் அடங்கியது.

மூன்றாமவர் பிரெட் பீலமா. என்னைக் கேட்டால் மூவரிலும் அதிகம் கற்றுத்தருபவர் இவரே. விஸ்கான்சினில் 68 வெற்றி 24 தோல்வி. 2010 முதல் 2012 வரை தொடர்ந்து மூன்று பிக் டென் பட்டங்கள், அவற்றுள் ஒன்று பகிர்ந்துகொண்டது. பெரிய உடல்வாகு கொண்ட தடுப்பு வரிசை, விடாத ஓட்ட ஆட்டம் என்பது அவருடைய முறை. அதே முறையோடு 2013இல் எஸ்.இ.சி.யின் ஆர்கன்சாவுக்குச் சென்றார். முதல் பருவத்தில் எட்டுக் கூட்டமைப்பு ஆட்டங்களிலும் தோல்வி; ஐந்தாண்டு முடிவில் 29 வெற்றி 34 தோல்வி; பதவி நீக்கம். எஸ்.இ.சி. ரசிகர்கள் இதைத் தங்கள் கட்சிக்கான சாட்சியமாகக் காட்டுவார்கள். ஆனால் அலபாமா, எல்.எஸ்.யூ., ஆபர்ன் மூன்றும் ஆர்கன்சாவின் பிரிவிலேயே இருந்தன. உள்ளூர் வீரர் வளமோ அங்கே குறைவு. 2021இல் இல்லினாய்க்கு வந்த அதே பீலமா, 2024இல் 10 வெற்றிகளைப் பெற்றார். அக்கல்லூரிக்கு 2001க்குப் பிறகு அது முதல் முறை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எஸ்.இ.சி.யின் சவுத் கரோலினாவை 21-17 என்று வென்றார்.

ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் எதிர்த் திசையில் போனவர். எஸ்.இ.சி.யில் காலங்காலமாகக் கடைசி வரிசையில் கிடந்த வாண்டர்பில்டை 2012, 2013 ஆகிய இரு பருவங்களிலும் 9 வெற்றிகளுக்கு உயர்த்தினார். பென் ஸ்டேட்டுக்கு வந்தபின் நிலையாக வென்றார்; ஆனால் மிகப் பெரிய எதிராளிகளிடம் தோற்பவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது; 2025 அக்டோபரில் நீக்கப்பட்டார். சிறிய இடத்தை நடுத்தரமாக்கும் திறமையும் பெரிய இடத்தைப் பட்டத்துக்கு நகர்த்தும் திறமையும் வேறுவேறு என்பதற்கு அவருடைய பணிக்காலம் ஓர் எடுத்துக்காட்டு.

பிக் டென் மேலோங்கி நின்ற காலம் உண்டா?

உண்டு. 1960களில் மிஷிகன் ஸ்டேட்டின் டஃபி டாஹர்ட்டி, டெக்சஸிலிருந்து பப்பா ஸ்மித், ஜீன் வாஷிங்டன், சவுத் கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர் முதலிய கறுப்பின வீரர்களை அழைத்து வந்து, 1965லும் 1966லும் தேசியப் பட்டங்களில் பங்கு பெற்றார். அந்த இளைஞர்களைத் தென்மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் நிறவேற்றுமையால் சேர்த்துக்கொள்ளவில்லை. எஸ்.இ.சி. ஆட்டமொன்றில் முதல் கறுப்பின வீரராக கென்டக்கியின் நேட் நார்த்திங்டன் இறங்கியது 1967இல்தான். தெற்கு தன் வாசலைத் திறந்த பிறகு வடக்குக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வளம் உள்ளூரிலேயே தங்கத் தொடங்கியது. அன்றைய பிக் டென் பயிற்சியாளர்களின் புகழிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு.

ஆட்ட நேரத்து முடிவுகளை வைத்து ஒப்பிடலாமா?

ஒரு பயிற்சியாளரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது அங்கேதான் வெளிப்படையாகத் தெரியும். 2022 டிசம்பர் 31 அன்று நடந்த அரையிறுதியில் ஜார்ஜியா நான்காம் கால்பகுதியில் ஓஹையோ ஸ்டேட்டைவிடப் பின்தங்கியிருந்தது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டிய இந்த ஆட்டத்தில், நான்காம் முயற்சியில் ஒரு கஜம் தேவைப்பட்ட நிலையில், ஓஹையோ ஸ்டேட் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதுபோல வரிசையில் நின்றது. உண்மையில் உதைக்காமல் ஓடுவதே திட்டம். பந்து கைமாறுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பு கர்பி ஸ்மார்ட், ஆட்டத்தை நிறுத்திவைக்கும் டைம்-அவுட் கேட்டார். ஓட்டம் வெற்றி பெற்றது, ஆனால் கணக்கில் சேரவில்லை. இரண்டாம் முறை ஓஹையோ ஸ்டேட் உண்மையாகவே உதைத்தது; ஜார்ஜியா அடுத்த முயற்சியிலேயே 76 கஜம் கடந்து பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குக் கொண்டுசேர்த்து (டச்டவுன்) புள்ளி எடுத்தது; இறுதியில் 42-41 என்று வென்றது. ஓர வரிசையில் நின்று எதிரணியின் நிற்கும் முறையை வைத்தே தந்திரத்தைக் கண்டுகொண்டது தயாரிப்பின் பலன்.

எதிர்ப்புறத்திலும் சான்று உண்டு. 2024 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் எனப்படும் அரையிறுதியில் ஜிம் ஹார்பாவின் மிஷிகன், அலபாமாவின் குவார்ட்டர்பேக்கை ஆறு முறை பின்களத்திலேயே வீழ்த்தியது. அவற்றுள் ஐந்து முதல் பாதியில் நடந்தவை. கூடுதல் நேரத்தில், நான்காம் முயற்சியில், கோல் கோட்டுக்கு மூன்று கஜம் இருக்கையில் அலபாமா நேராக நடுவில் ஓடத் தேர்ந்தெடுத்தது; மிஷிகன் அதை நிறுத்தி 27-20 என்று வென்றது. மிஷிகன் அவ்வாண்டு எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக எழுந்த விவகாரத்தில் ஹார்பா மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இருப்பினும் ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஓஹையோ ஸ்டேட்டின் ரயன் டே 2024 நவம்பர் 30 அன்று பலவீனமான மிஷிகனிடம் 13-10 என்று தோற்றபோது அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்கள் ஏராளம். மூன்று வாரம் கழித்து எஸ்.இ.சி.யின் டென்னசியை 42-17 என்று வென்றார். பின் ஆரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என வரிசையாக வீழ்த்திப் பட்டத்தைக் கையில் பிடித்தார்.

துணைப் பயிற்சியாளர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயமாக. தாக்குதல், தற்காப்பு ஆகிய இரு பிரிவுகளின் கோஆர்டினேட்டர்களே பெரும்பாலான அணிகளில் ஆட்டத் திட்டத்தை வகுக்கிறார்கள். 2024இல் சிப் கெல்லி, யூ.சி.எல்.ஏ.வின் தலைமைப் பதவியையே விட்டுவிட்டு ஓஹையோ ஸ்டேட்டில் தாக்குதல் கோஆர்டினேட்டராகச் சேர்ந்தார். முன்பு தெற்கில் மட்டும் சாத்தியமாக இருந்த இத்தகைய சேர்க்கைகள் இப்போது வடக்கிலும் நடக்கின்றன. இவர்கள் அடிக்கடி இடம் மாறுவதால், ஒரு கூட்டமைப்பின் பயிற்சித் தரம் என்பதே ஓராண்டுக்கு மேல் நிலைக்காத ஒன்றாகிறது.

தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் வீரர் தேர்வுக்கு அதிக வீரர்களை அனுப்புவது பயிற்சியின் அடையாளம் அல்லவா?

2025 தேர்வில் எஸ்.இ.சி.யிலிருந்து 79 பேரும் பிக் டென்னிலிருந்து 71 பேரும் எடுக்கப்பட்டனர். வந்தபோதே ஐந்து நட்சத்திரத்தோடு வந்தவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில் பயிற்சியாளரின் பங்கு குறைவு. யாரும் பெரிதாக எதிர்பார்க்காதவர் உயர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். ஜே.ஜே. வாட் சிறிய கல்லூரியொன்றிலிருந்து உதவித்தொகைகூட இல்லாமல் விஸ்கான்சினுக்கு வந்து, தாக்குதல் பிரிவின் டைட் எண்ட் இடத்திலிருந்து தற்காப்பு வரிசைக்கு மாற்றப்பட்டு, 2011இல் 11ஆவது ஆளாகத் தேர்வானார். 1999 முதல் அயோவாவின் தலைமையில் இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸ் இதையே வழக்கமான வேலையாகச் செய்துவருகிறார். நடுத்தர அணிகளை மட்டும் ஒப்பிட்டால், குறைந்த மூலப்பொருளை வைத்துக் கூடுதலாகச் செய்வதில் பிக் டென் நீண்டகாலமாகவே முன்னே இருக்கிறது என்பது என் மதிப்பீடு.

சம்பளத்தை வைத்து?

ஆண்டுக்கு ஸ்மார்ட்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர், ரயன் டேக்கு 1.25 கோடி டாலர். இதில் பெரிய வேறுபாடு இல்லை. அதிகப் பணம் நல்ல பயிற்சிக்கு உத்தரவாதமும் இல்லை: டெக்சஸ் ஏ அண்டு எம், 2023இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்புவதற்கு மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது.

2021க்குப் பிறகு என்ன மாறியது?

2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சட்டபூர்வமாகச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டிலிருந்து ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றுக்கு மாறினால் ஓராண்டு உட்கார வேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. பெரிய அணிகளில் வாய்ப்புக்காகப் பெஞ்சில் காத்திருந்த நல்ல வீரர்கள் பரவலாகச் சிதறினர். தெற்கின் மாபெரும் அனுகூலமான ஆழமான மாற்று வரிசை மெலிந்தது. பிக் டென்னோ 2023 முதல் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் அதிகமான தொலைக்காட்சி ஒப்பந்தத்தோடு களத்தில் நின்றது.

இந்த மாற்றத்தை யாரையும்விட நன்றாகப் பயன்படுத்தியவர் கர்ட் சிக்னெட்டி. 2007 முதல் 2010 வரை அலபாமாவில் சேபனிடம் வீரர் சேர்க்கையைக் கவனித்தவர். பிறகு இரண்டாம் நிலைக் கல்லூரியொன்றில் தொடங்கி, படிப்படியாக ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் வரை வந்தவர். கல்லூரி ஆட்ட வரலாற்றிலேயே மிக அதிகத் தோல்விகள் கண்ட அணிகளுள் ஒன்றான இண்டியானா, 2023இல் 3 வெற்றி 9 தோல்வியில் கிடந்தது. அங்கே சென்ற முதல் பருவத்தில் 11 வெற்றிகள். இரண்டாம் பருவமான 2025இல் 16 ஆட்டங்களிலும் வெற்றி, தேசியப் பட்டம். வழியில் அலபாமாவை 38-3 என்று நொறுக்கினார். நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்கள் பாதிக்கு மேல் வேண்டும் என்ற பழைய கணக்கு அன்றோடு பொய்த்தது. முன்பு பழகிய மாணவர்களைக் கையோடு அழைத்துவந்து, வயதும் அனுபவமும் உள்ள மாற்றல் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, தவறு செய்யாத அணியாக அவர்களை வார்த்ததே அவர் செய்தது.

அப்படியானால் இப்போது எந்தப் பக்கம் மேல்?

உச்சியில் இருப்பவர்களைப் பார்த்தால் சமம். ஸ்மார்ட்டுக்கு எதிரே டேயும் சிக்னெட்டியும் ஆரிகனின் டேன் லானிங்கும் நிற்கிறார்கள். லானிங்கே அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் பயின்றவர் என்பதால், ஒரு காலத்தில் வடக்கிலிருந்து தெற்குக்குப் போன அறிவு இப்போது திரும்பி வருகிறது என்று சொல்லலாம். நடுவரிசையில் பிக் டென்னுக்கு என் வாக்கு. எனினும் 2024 அக்டோபரில் அலபாமாவை 40-35 என்று வென்ற வாண்டர்பில்டின் கிளார்க் லீ போன்றவர்கள் எஸ்.இ.சி.யிலும் இருக்கிறார்கள். 2023 முதல் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வடக்குக்கு வந்ததை வைத்து, பழைய தெற்கத்திப் பெருமையை அப்படியே திருப்பிப் போட்டுப் பேசுவதும் அதே பிழைதான்.

இனி எந்த ஆட்டங்களைக் கவனிக்க வேண்டும்?

பருவத் தொடக்கத்தில் இரு கூட்டமைப்புகளும் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களை. பருவ இறுதியில் நடக்கும், பட்டத்தோடு தொடர்பில்லாத பவுல் ஆட்டங்களில் என்.எஃப்.எல். செல்லவிருக்கும் வீரர்கள் பலர் இறங்குவதில்லை. பயிற்சியாளர்களும் பாதி வழியில் வேலை மாறியிருப்பார்கள். 2025 பருவத் தொடக்கத்தில் நடந்த இத்தகைய மோதல்களில் ஓஹையோ ஸ்டேட் எஸ்.இ.சி.யின் டெக்சஸை 14-7 என்றும், எஸ்.இ.சி.யின் ஓக்லஹோமா மிஷிகனை 24-13 என்றும், அலபாமா விஸ்கான்சினை 38-14 என்றும் வென்றன. எஸ்.இ.சி. 2026 முதல் பிக் டென்னைப் போலவே ஒன்பது கூட்டமைப்பு ஆட்டங்கள் ஆடப்போவதால், அட்டவணை எளிது என்ற பழைய குற்றச்சாட்டும் பெரும்பாலும் நீங்கும். 2026 செப்டம்பர் அட்டவணைப்படி ஓஹையோ ஸ்டேட் ஆஸ்டினுக்குச் சென்று டெக்சஸோடும், ஓக்லஹோமா ஆன் ஆர்பருக்கு வந்து மிஷிகனோடும் ஆட வேண்டும்.